முனியாண்டிக்குச் சாராயம், கனவானுக்கு ரம்

அண்மைக் காலமாகப் புதிய கலையொன்று நம்மிடையே பரவி வருகின்றது. அது இசையன்று, ஓவியமன்று, நாடகமும் அன்று. எந்த ரம் பானத்தோடு எந்தச் சுருட்டைச் சேர்த்துப் புகைத்தால் இன்பம் மிகும் என்று ஆராய்ந்து உரைக்கும் கலை அது. ஆங்கில ஏடுகளின் வார இறுதிப் பக்கங்களிலும் நட்சத்திர விடுதிகளின் பளபளக்கும் தாள்களிலும் வளர்ந்த அந்தக் கலையை இன்று தமிழ்ப் பெயர் தாங்கிய நம் பிள்ளைகளும் பாடமாகப் பயின்று, நண்பர்களுக்குப் போதிக்கின்றார்கள். அவர்கள் குடிக்கிறார்கள் என்பது என் வழக்கன்று. குடிப்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். சங்கப் புலவர்களும் கள்ளைப் பாடியவர்களே. குடியைக் குடி என்று சொல்லாமல் அதற்குப் பண்பாடு என்று பெயரிட்டு, அந்தப் பெயரின் மறைவில் நின்றுகொண்டு தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்து முகஞ்சுளிக்கிறார்களே, அதுதான் என் வழக்கு.

முதலில் அவர்கள் சொல்வதை நேர்மையாகக் கேட்டுவிடுவோம். எதிரியின் வாதத்தை அறியாமல் மறுப்பவன் காற்றோடு சிலம்பம் ஆடுகிறவன்.

அவர்கள் மெச்சுவது டாய்க்கிரி என்னும் எளிய பானத்தை. வெள்ளை ரம் 60 மில்லி லிட்டர், அன்று பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி லிட்டர், பொடித்த சர்க்கரை இரண்டு சிறு கரண்டி. இவற்றைப் பனிக்கட்டியோடு சேர்த்துக் குலுக்கி வடித்தால் பானம் தயார். இதனோடு மென்மையான கியூபச் சுருட்டொன்றைப் பற்ற வைக்க வேண்டுமாம். புளிப்பு நாவைக் கழுவும், இனிப்புப் புகையிலையின் கசப்பைத் தணிக்கும், ரம்மின் கரும்பு மணம் புகையின் மண் மணத்தைத் தழுவும் என்பது அவர்கள் விளக்கம். இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கசப்பை இனிப்பும் புளிப்பும் தணிக்கும் என்பதை அறியப் பாரிசுக்கோ ஹவானாவுக்கோ போக வேண்டியதில்லை. பாகற்காய்க் குழம்பில் புளியும் வெல்லமும் சேர்க்கும் நம் பாட்டிமார் அறிந்த சூத்திரந்தான் அது. பாட்டி அதற்குக் கலை என்று பெயர் வைக்கவில்லை, கட்டணமும் கேட்கவில்லை. அவ்வளவே வேறுபாடு.

ஆனால் இந்தச் சுவை விளக்கத்தோடு அவர்கள் நிற்பதில்லை. அதன் மேல் ஒரு புராணத்தையும் கட்டி எழுப்புகிறார்கள். கியூபாவின் கிழக்கே சாந்தியாகோ நகரை அடுத்து டாய்க்கிரி என்றோர் ஊர்; அங்கே இரும்புச் சுரங்கத்தில் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்; 1898ஆம் ஆண்டுப் போரையொட்டிய நாள்களில் விருந்தினருக்கு அளிக்க வேறு மது இல்லாமையால் உள்ளூர் ரம்மோடு எலுமிச்சையையும் சர்க்கரையையும் கலந்தார்; உலகுக்கு ஓர் அமுதம் கிடைத்தது. கதை இப்படிப் போகிறது. 1909ஆம் ஆண்டில் லூசியஸ் ஜான்சன் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் அதை வாஷிங்டன் படைத்துறை மன்றத்துக்குக் கொண்டு சேர்த்தார் என்று முடிகிறது.

ரம்மையும் எலுமிச்சையையும் சர்க்கரையையும் கலக்க ஓர் அமெரிக்கப் பொறியாளர் பிறந்து வரவேண்டியிருந்ததா? 1740ஆம் ஆண்டிலேயே வெர்னன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் மாலுமிகளின் ரம் பங்கில் தண்ணீர் கலக்குமாறு கட்டளையிட்டார். விரும்புவோர் அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறினார். அதே கியூபாவில், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் காட்டில் போரிட்ட விடுதலைப் படையினர் கரும்புச் சாராயத்தோடு தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தார்கள். அதற்குக் கஞ்சாஞ்சரா என்று பெயரும் இட்டிருந்தார்கள். மாலுமி குடித்தபோது அது படிச்சாராயம். போராளி குடித்தபோது நாட்டுச் சரக்கு. சுரங்கத் துரை குடித்தவுடனேதான் அது கண்டுபிடிப்பு ஆயிற்று. உலகின் பல கண்டுபிடிப்புகள் இவ்வகையினவே. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்ததைப் போல.

கொலம்பஸ் என்றதும் சுருட்டின் நினைவு வருகிறது. 1492ஆம் ஆண்டில் அவருடைய ஆள்கள் இருவர் கியூபாவின் உட்பகுதிக்குச் சென்றபோது, அங்கிருந்த தைனோ மக்கள் சுருட்டிய இலையில் நெருப்பு வைத்துப் புகையை உறிஞ்சுவதைக் கண்டார்கள். அந்த மக்களுக்கு அது வழிபாட்டோடும் மருத்துவத்தோடும் பிணைந்த பொருள். சில தலைமுறைகளுக்குள் நோயும் வாளும் கட்டாய உழைப்பும் அவர்களைப் பெரும்பாலும் அழித்தொழித்தன. அவர்கள் இலை மட்டும் உலகை வலம் வந்தது.

அந்த இலை நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. அது நம் 'சுருட்டு' என்ற சொல்லின் திரிபே. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஒரு காலத்தில் இலண்டன் வரை பெயர் பெற்றிருந்தது. கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுகொள்கிறார். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டு சுற்றிய கைகளுக்குக் கிடைத்த கூலியைப் பற்றி அந்தத் துப்பறிவாளர் ஒன்றும் துப்பறியவில்லை.

"ஒரே மண்ணில் விளைந்தவை ஆகையால் ரம்மும் சுருட்டும் இயற்கையாகவே பொருந்தும்" என்பது இந்தக் கலையினர் அடிக்கடி ஓதும் மந்திரம். கியூபாவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மந்திரம் கலைந்துவிடும். பெயர் பெற்ற புகையிலை விளைவது தீவின் மேற்குக் கோடியில், பினார் தெல் ரியோ மாநிலத்தில், வுவெல்டா அபாஹோ என்னும் வட்டாரத்தில். ஃபகுந்தோ பகார்டி என்ற கட்டலோனிய வணிகர் 1862ஆம் ஆண்டில் வடிசாலை தொடங்கியதோ கிழக்கிலுள்ள சாந்தியாகோவில். இரண்டுக்கும் இடையே கியூபாவின் நீளமே கிடக்கின்றது. பெர்னாண்டோ ஒர்ட்டிஸ் என்ற கியூப அறிஞர் 1940ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற நூலில் புகையிலையையும் கரும்பையும் இரு துருவங்களாகவே நிறுத்திப் பேசினார். புகையிலை சிறு குடியானவனின் கைப்பயிர். ஒவ்வோர் இலையும் கையால் தொடப்பட்டு வளர்வது. கரும்போ பெருநிலமும் பெரும் ஆலையும் அடிமைக் கூட்டமும் கேட்கும் பயிர். இவ்விரண்டையும் இணைத்தது மண்ணன்று, ஏற்றுமதி வணிகம். அதற்குப் பிறகு விளம்பரம்.

கரும்பு கேட்ட அடிமைக் கூட்டத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சர்க்கரை காய்ச்சிய பின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்க வைத்து வடித்தால் ரம். ஆலை இரவும் பகலும் ஓடும் அறுவடைக் காலத்தில் உருளைகளுக்கிடையே கை சிக்கியவர்களின் கையை வெட்டி எடுக்கக் கத்தி தயாராக வைத்திருந்த ஆலைகள் கரிபியத் தீவுகளில் இருந்தன. அங்கே வடித்த ரம் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கும் நாணயமாகவும் பயன்பட்டது. வாங்கப்பட்டவர்கள் மீண்டும் கரும்பு வெட்டினார்கள். கியூபாவில் அடிமை முறை 1886ஆம் ஆண்டில்தான் முற்றாக ஒழிந்தது. அதற்கு முன்பே, 1847 தொடங்கி 1874 வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டை விசாரிக்க 1874இல் சீன அரசே ஓர் ஆணையத்தைக் கியூபாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நம் பக்கத்து வீட்டுச் சீன அன்பர் இதை அறிவாரா என்று கேட்டுப் பாருங்கள். நாம் மட்டும் நம் கதையை அறிந்துவைத்திருக்கிறோமா என்ன?

நம் கதையும் கரும்பிலேதான் தொடங்குகிறது. மலையகம் என்றாலே நமக்குப் பால்மரமும் செம்பனையும் நினைவுக்கு வரும். ஆனால் நம் மூதாதையருள் பலரை முதலில் இங்கே இறக்கியது கரும்பே. இன்று செபராங் பிறை என்று வழங்கும் அன்றைய வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். மலையகத்துக்கான அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில்தான் நின்றது. சிங்கப்பூரில் பாலஸ்டியர் சாலை வழியே நாள்தோறும் எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள்! ஜோசப் பாலஸ்டியர் அமெரிக்கத் தூதர். 1830களில் அங்கே கரும்பு பயிரிட்டுச் சர்க்கரையும் ரம்மும் எடுக்க முயன்றவர். தோட்டம் நட்டத்தில் முடிந்தது. அங்கே பாடுபட்ட சீனக் கூலிகள் 1847இல் கட்டிய கோயில் இன்றும் அச்சாலையில் நிற்கிறது. ஆகவே ரம் என்பது எங்கோ கரிபியக் கடலில் நடந்த அழகிய கதை என்று நம் விடுதிகள் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கதை நம் காலடியிலும் நடந்தது. மொரீசியசிலும், 1860 தொடங்கி நத்தாலிலும், பின்னர் பீஜியிலும் கரும்பு வெட்டிய கைகளில் நம் கைகளும் இருந்தன.

இனி என் தலைப்புக்கு வருகிறேன்.

சாராயத்தையும் சுருட்டையும் இணைத்து வைத்தவர்கள் எந்த விடுதிக்காரரும் அல்லர். தோட்டத்து எல்லையில், ஆலமரத்தடியிலோ ஆற்றோரத்திலோ, முனியாண்டி சாமிக்குப் படையல் வைத்த நம் பாட்டன்மார் அதைச் செய்தார்கள். முனீசுவரர், கருப்பர், மதுரைவீரன் என்று பெயர் வேறுபடலாம். படையலில் ஒரு போத்தல் சாராயமும் ஒரு கட்டுச் சுருட்டும் மாறுவதில்லை. காட்டை அழித்துத் தோட்டமாக்கியபோது புலிக்கும் பாம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவே நின்ற மனிதன், தன்னைப் போலவே காவல் காக்கும் தெய்வத்துக்குத் தன்னிடமிருந்த இன்பத்தை எடுத்துப் படைத்தான். துரைக்குப் பங்களா இருந்தது, கிராணிக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. அவனுக்கு லயத்துக் கோடியில் ஒரு கல் இருந்தது.

இது நம்மோடு நிற்கவில்லை. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1853க்குப் பின் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் மொழியை ஏறத்தாழ இழந்தார்கள். மாரியம்மனையும் மதுரைவீரனையும் இழக்கவில்லை. பெயர்கள் அங்கே பிரெஞ்சு நாவில் புரண்டு உருமாறிவிட்டன. ஆனால் படையல் தொடர்ந்தது. சாராயம் கிடைக்காத ஊரில் அவர்களே உழைத்து விளைத்த கரும்பின் ரம் அந்த இடத்துக்கு வந்தது. கியூபாவில் யோருபா அடிமைகளின் வழித்தோன்றல்கள் போற்றும் எலெகுவா என்னும் தெய்வத்தைப் பாருங்கள். வாயிலையும் நாற்சந்தியையும் காப்பவர் அவர். பெரும்பாலும் ஒரு கல்லே அவர் உருவம். அவருக்கும் கரும்புச் சாராயத்தைத் தெளித்துச் சுருட்டுப் புகையை ஊதி வணங்குகிறார்கள். ஆப்பிரிக்க அடிமையும் தமிழ்க் கூலியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கடிதம் எழுதிக்கொண்டதும் இல்லை. ஆயினும் இருவரும் தத்தம் காவல் தெய்வத்தின் முன் ஒரே இரண்டு பொருள்களை வைத்தார்கள். ரம்மும் சுருட்டும் பொருந்துவதற்கு ஒரு வரலாறு வேண்டுமென்றால், இதுவே வரலாறு. விடுதியின் பட்டியல் அட்டையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இந்தப் படையலை நம் படித்தவர்கள் என்னவென்று சொல்கிறார்கள்? மூடநம்பிக்கை என்கிறார்கள். தோட்டக்காட்டுப் பழக்கம் என்கிறார்கள். கோயில் திருப்பணி என்று வந்தவுடன் முதலில் அகற்றப்படுவது முனியாண்டியின் சுருட்டுத்தான். சீர்திருத்தக் கண்கொண்டு பார்ப்பவர்கள் அப்படிச் சொன்னால் அதை நான் மதித்து வாதிடுவேன். ஆனால் பகலில் அதைப் பழித்துவிட்டு, மாலையில் தோல் நாற்காலியில் சாய்ந்து, அதே சாராய இனத்தையும் அதே சுருட்டையும் தன் வயிற்றுக்கே படைத்துக்கொண்டு, 'இது நயமான சுவை' என்று பேசுகிறவரோடு என்ன வாதம் செய்வது?

கள்ளின் கதையைச் சொல்லாமல் இந்த இரட்டை நாக்கின் நீளம் விளங்காது. தோட்டங்களில் கள்ளுக்கடை தானாக முளைத்த காளான் அன்று. உரிமம் பெற்று, பெரும்பாலும் நிருவாகத்தின் மேற்பார்வையிலேயே நடத்தப்பட்டது. மாலையில் கள்; மறுநாள் விடியலில் பிரட்டு. சம்பளத்தில் ஒரு பகுதி கள்ளுக்கடை வழியாக வந்த இடத்துக்கே திரும்பிற்று. இதை ஒரு தீமை என்று முதலில் உணர்ந்தவர்கள் மேலிருந்து உபதேசம் செய்தவர்கள் மட்டும் அல்லர்; பாட்டாளிகளே உணர்ந்தார்கள். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்நின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் ஊதிய உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்க வேண்டும் என்பது இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அதற்கு விடையாகக் கிடைத்தவை நாதனின் நாடுகடத்தலும் துப்பாக்கிச் சூடும். போருக்குப் பின், 1947ஆம் ஆண்டில், கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தார்கள்; மறியல் செய்தார்கள். அங்கும் காவல்துறையோடு மோதல், சிறை, உயிரிழப்பு.

தன் குடியைத் தானே எதிர்த்துத் தடியடி பட்ட ஒரு வர்க்கம் உலகில் எத்தனை இடங்களில் உண்டு? இந்தப் பெருமையை நாம் பாடப்புத்தகத்தில் எழுதினோமா? இல்லை. 'தமிழன் குடிகாரன்' என்ற வசையை மட்டும் அடுத்த இனத்தாரோடு சேர்ந்து நாமும் முணுமுணுத்தோம். அந்த வசையைச் சுமந்தவனின் பேரன் இன்று பட்டம் பெற்று, நகருக்கு வந்து, பாட்டனின் ஒரு நாள் கூலியைவிடப் பல மடங்கு விலைக்கு ஒரு குவளை டாய்க்கிரி வாங்கும்போது, அவனை யாரும் குடிகாரன் என்பதில்லை. சுவை அறிந்தவன் என்கிறார்கள். தென்னங்கள் வயிற்றில் போனால் நாற்றம். கரும்புக் கழிவு வயிற்றில் போனால் நறுமணம்! மதுவின் அளவைக் கணக்கிட்டால் தோட்டத்துக் கள்ளைவிட அந்தக் குவளையே கடுமையானது என்பதை வேதியியல் சொல்லும், விடுதி சொல்லாது.

"சுவையைப் பற்றி எழுதவே கூடாதா? உழைப்பின் நுட்பத்தைப் பாராட்டக் கூடாதா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் பாராட்டுங்கள். ஆனால் யாரை என்பதுதான் கேள்வி. ஹவானாவில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளியின் கையைப் பாருங்கள். பிறை வடிவக் கத்தி ஒன்று, ஒரு பலகை, சிறிது பசை, இவ்வளவே கருவி. உள்ளிலைகளை மடித்து அடுக்குவதில் விரல் சற்றே இறுகினால் புகை வராது, தளர்ந்தால் பற்றி எரியும். இந்தத் தேர்ச்சி வர மாதங்கள் பல ஆகும். கியூபாவின் மென்மையான ரம் வடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிவரும் அறிவை 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதுவும் தகும். கலை அங்கே இருக்கிறது, சுற்றுகிறவன் விரலில், வடிக்கிறவன் மூக்கில். வாங்கிக் குடிப்பவன் தலையில் முடிசூட்ட என்ன இருக்கிறது? சிற்பியை விட்டுவிட்டுச் சிலையை விலைக்கு வாங்கியவனைக் கலைஞன் என்று எவரும் அழைப்பதில்லை.

எழுத்தாளர் சங்கத்தின் தொகுப்பில் எழுதுவதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சுருட்டின் வரலாற்றில் எழுத்தாளன் பெருமைப்படத்தக்க அத்தியாயம் ஒன்று உண்டு; அதை நம் சுவை விற்பன்னர்கள் ஓரமாக நகர்த்திவிடுகிறார்கள். 1865ஆம் ஆண்டில் ஹவானாவின் எல் ஃபிகாரோ சுருட்டாலையில் ஒரு வழக்கம் தோன்றியது. தொழிலாளர் சுற்றிக்கொண்டிருக்க, மேடையில் அமர்ந்து ஒருவர் உரக்கப் படிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். அவருக்கு ஊதியம் தந்தவர்கள் தொழிலாளர்கள், தம் கூலியிலிருந்து. எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எழுத்தறியாதவர்களும் விக்டர் யூகோவை அறிந்தார்கள், டூமாவை அறிந்தார்கள். மொந்தேகிறிஸ்தோ என்று இன்று பெருஞ்செல்வர் கையில் புகையும் சுருட்டின் பெயர் அந்த டூமாவின் நாவல் தந்த பெயர். ரோமியோ ஹூலியேத்தாவின் மூலம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிய ஆட்சிக்கு இந்த வாசிப்பு பிடிக்கவில்லை. மறு ஆண்டே தடை செய்தது. காதால் கேட்பவனுக்கும் சிந்தனை பிறந்துவிடும் என்று அது அஞ்சியிருக்க வேண்டும். அச்சம் பொய்க்கவில்லை. ஹொசே மார்த்தி கியூப விடுதலைக்கு நிதி திரட்டியபோது, ஃபுளோரிடாவிலிருந்த தம்பா, கீ வெஸ்ட் நகரங்களின் சுருட்டுத் தொழிலாளர்கள்தாம் தம் கூலியை அள்ளித் தந்தார்கள். ஆலை வாசிப்பாளர் மரபு இன்றளவும் கியூபாவில் அறுபடாமல் இருக்கிறது.

நம் தோட்டங்களிலும் இதற்கு உறவுமுறை சொல்லத்தக்க வழக்கம் இருந்தது. எழுத்தறிந்த ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி தொடங்கிய முரசு அப்படித்தான் எழுத்தறியாதவர் காதுக்கும் எட்டியது. ஆகவே ஒரு கியூபச் சுருட்டைப் பற்றி எழுத விழையும் தமிழ் எழுத்தாளனுக்கு வாசிப்பாளரை விடப் பொருத்தமான பொருள் எங்கே இருக்கிறது? அதை விடுத்து அதன் சாம்பல் எத்தனை அங்குலம் உதிராமல் நின்றது என்று எழுதுவதா?

அடுத்து, நாகரிகம் கருதி யாரும் பேசாத பொருள்: நோய். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1986ஆம் ஆண்டில் புகையிலைப் புகையையும், 1988ஆம் ஆண்டில் மதுபானத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று முதல் வகுப்பில் வைத்தது. இரண்டும் தனித்தனியே செய்யும் கேட்டைக் காட்டிலும் சேர்ந்து செய்யும் கேடு மிகப் பெரிது. வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் அவற்றின் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 'பொருத்தம்' என்று இவர்கள் பாடுகிறார்களே, மருத்துவர் கண்ட பொருத்தம் இதுவே. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பது இவர்களின் கேடயம். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆகையால் அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும், நெஞ்சுவரை போகத் தேவையில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டுக்கு நிகரான புகையிலையும் இருக்கலாம். சிக்மண்ட் ஃபிராய்டு மனித மனத்தின் ஆழமெல்லாம் தேடியவர். சுருட்டை மட்டும் விட முடியாமல், 1923இல் வாயில் புற்றுநோய் கண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளுக்கு உள்ளாகி 1939இல் மறைந்தார். அவர் சுவை அறியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது.

வறியவனின் சம்சுவைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமக்கு ஈரல் நினைவுக்கு வருகிறது. கருத்தரங்கு நடத்துகிறோம்; புள்ளிவிவரம் வாசிக்கிறோம்; தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறோம். செல்வனின் ரம்முக்கு ஈரல் கிடையாதா?

"உமக்குப் பொறாமை, வாங்க இயலாதவர் பழிக்கிறார்" என்று ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். அதற்கும் விடை உண்டு. 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவின் மீது வணிகத் தடை விதிக்கும் ஆணையில் கையெழுத்திடுமுன், தமக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கியூபச் சுருட்டுகளை வாங்கி வரச் செய்தார் என்று அவருடைய செய்திச் செயலாளர் பியேர் சாலிங்கரே பின்னாளில் எழுதினார். ஒரு நாட்டைப் பட்டினி போடும் ஆணைக்கும் அந்நாட்டின் இன்பத்துக்கும் இடையே ஓர் இரவுதான் இடைவெளி. அண்மையில், 2022ஆம் ஆண்டில், கியூபச் சுருட்டு வணிக நிறுவனம் தன் உயர்ந்த வகைகளின் விலையை உலகெங்கும் ஹாங்காங் சந்தையின் அளவுக்கு உயர்த்தியது. அதனால் ஹவானாவில் அதைச் சுற்றியவர், தம் கையால் சுற்றியதைக் கடையில் வாங்கப் பல மாத ஊதியத்தையும் சேர்த்து வைத்தாலும் போதாது என்னும் நிலை. வாங்க இயலாதவன் பழிப்பது பொறாமை என்றால், செய்தவனே வாங்க இயலாதிருப்பதற்கு இந்த அன்பர்கள் என்ன பெயர் வைப்பார்கள்?

நான் எவருடைய குவளையையும் தட்டிவிடப் புறப்படவில்லை. வேண்டுவது ஒரே அளவுகோல். குடிக்கிறவர் குடிப்பதாகச் சொல்லட்டும். லயத்தில் குடித்த பாட்டனை இழிசொல்லால் குறித்தவர் விடுதியில் குடிக்கும் பேரனுக்கும் அதே சொல்லை வழங்கட்டும். அல்லது இருவருக்கும் அதை நீக்கட்டும். நம் இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுதிகளிடமிருந்து வரும் இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது 'விளம்பரம்' என்று மேலே அச்சிடுங்கள். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு சூலை முதல் சுருட்டுப் பெட்டியும் மற்றப் புகையிலைப் பெட்டிகளைப் போலவே மங்கிய ஒரே நிறத்தில், நோயின் படத்தோடு, சின்னமோ தங்கக் கோடோ இன்றித்தான் விற்பனைக்கு வருகிறது. பெட்டியில் இடமிழந்த அந்தத் தங்கக் கோடுகள் இப்போது வாக்கியங்களாக மாறி, நம் தமிழ்ப் பத்திரிகைகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.